தாய்மாமன் சீர், இரண்டு ஏக்கர்

என் தங்கை மகள் ஷாமளாமீது நான் வழக்குப் போட்டேன். இதைக் கேட்டதும் எல்லாரும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம், "சொந்தத் தங்கச்சி மக மேலயா?" என்கிறார்கள். ஆமாம், சொந்தத் தங்கை மகள்மேல்தான். கோலா கெத்தில் பசாரில் மீன் வாங்கப் போனால் மீன்காரர்கூடக் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்லி, அது வேறு கதையாகித் திரும்பி என்னிடமே வருகிறது. முழுவதையும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

அது ஒரு திங்கட்கிழமை. பாடாங் மேஹாவில் என் வீட்டைச் சுற்றி இருக்கும் இரண்டு ஏக்கரில் ரப்பர் மரம் சீவ இறங்கினேன். மூன்றாவது வரிசையில் முதல் மரத்தில், பால் பிடிக்கும் மங்குக்கு மேலே, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். முதல் நாள் நான் சுங்கைப் பட்டாணிக்குப் போயிருந்தபோது வந்திருக்க வேண்டும். ஆணி இறங்கிய இடத்தில் பால் வழிந்து, தாளின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்து கிடந்தது. பால்மரத்தைத் தெரிந்தவன் எவனும் சீவுகிற பட்டையில் ஆணி அடிக்க மாட்டான்.

தாள் மலாயில் இருந்தது. எனக்கு எழுத்து ஐம்பது வயதுக்குமேல் வந்தது. குடியுரிமை நேர்காணலுக்கு மலாய் தெரிய வேண்டும் என்றார்கள். மரியராஜ் என்ற தொழிற்சாலைக் கணக்கர் மாதா கோயில் மண்டபத்தில் வாரம் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார், தமிழும் கூடவே வந்தது. நான் மெதுவாகத்தான் படிப்பேன். மெதுவாகப் படித்தாலும் விஷயம் மாறவில்லை. இந்த நிலத்தில் ஈயம் தோண்ட உரிமையாளர் ஒரு கம்பெனிக்குக் குத்தகை கொடுத்துவிட்டார். குடியிருப்பவர்கள் தொண்ணூறு நாளில் காலி செய்ய வேண்டும். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில், ஷாமளா த/பெ சுகுமாரன்.

சுகுமாரன் என் மச்சான், தங்கை தேவகியின் கணவர். இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நிலம் அவர் பெயரில்தான் இருந்தது. வாங்கியது நான்.

அது எப்படி என்று சொல்ல வேண்டும். நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். பிறப்பைப் பதியவில்லை. தேவகி பிறந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதனால் அவளுக்குப் பிறப்புப் பத்திரம் உண்டு. அவளுக்கு நீல அடையாளக் கார்டு, ஐசி என்பார்கள், எனக்குச் சிவப்பு. ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா, அம்மாவின் ஒரு காய்ச்சல்தான் வித்தியாசம். சிவப்பு என்றால் இந்த நாட்டில் இருக்கலாம், உழைக்கலாம். ஓட்டுக் கிடையாது. நிலம் வாங்க வேண்டுமானால் மாநில அரசிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

தொண்ணூற்றொன்பதில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். எங்களுக்கு நஷ்டஈடு கொடுத்து லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அடுத்த மாதம் வீடும் போகும். என் அப்பா மூன்று தோட்டம் மாறினார். மூன்று முறையும் சட்டி பானையோடு என்னையும் லாரியில் தூக்கி வைத்தது ஞாபகம் இருக்கிறது. யாரும் போ என்று சொல்ல முடியாத ஒரு வீடு வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு எண்ணமே இல்லை. கைக்கு வந்த பணத்தோடு, சீட்டு மாதிரிப் போட்டிருந்த கூட்டுப் பணத்தையும் முன்னாலேயே எடுத்து, ஒரு சீனரிடம் அந்த இரண்டு ஏக்கரை வாங்கினேன்.

"செவப்பு ஐசிக்குப் பேரு மாத்த முடியாது, வேலு. அனுமதி கேட்டா வருசக்கணக்கா இழுக்கும். சொந்தக்காரங்க யாரு பேருலயாச்சும் போடு" என்றார் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி.

தேவகி பெயரில் போடலாம் என்று நினைத்தேன். கட்டிய புருஷன் பக்கத்தில் நிற்கும்போது பெண்டாட்டி பெயரில் போட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். மச்சான் பெயரிலேயே போட்டேன்.

"ஒங்களுக்கு நீல ஐசி வர்ற அன்னைக்குக் காலையிலயே மாத்திக் குடுத்துர்றேன் மச்சான். மத்தியானம் வரைக்கும்கூட வச்சிருக்க மாட்டேன்லா" என்றார் அவர். தேவகி பக்கத்தில் நின்று கேட்டாள். தாளில் எதுவும் எழுதவில்லை. அவர் நல்லவர். இன்றைக்கும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆறு மாதம் கழித்து ஷாமளாவுக்குச் சடங்கு. கேடு அங்கேதான் வந்தது.

தாய்மாமன் நான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்ன கொண்டுவருகிறான் என்று பார்க்கத்தான் பாதிப் பேர் சடங்கு வீட்டுக்கு வருவார்கள். நானும் என் மனைவி ராக்காயியும் பதினொரு தட்டு கொண்டுபோனோம். பழம், சேலை, வளையல், மாவுருண்டை. தங்கம் இல்லை. இருந்ததெல்லாம் நிலத்துக்குள் போய்விட்டது. மச்சானுடைய அக்காள் காளியம்மா ஒவ்வொரு தட்டாகத் துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

"பதினோரு தட்டு தூக்கிட்டு வந்திருக்காரு. எல்லாத்துலயும் பழந்தானா? பசார்ல கட போட வந்தாரா, சீர் செய்ய வந்தாரா?"

பெண்கள் சிரித்தார்கள். ராக்காயி தலையைக் குனிந்துகொண்டாள். மச்சான் என் முகத்தைப் பார்த்தார். நேராக மேடைக்குப் போய், மைக் பிடித்திருந்த கோயில் செயலாளர் அய்யாவு காதில் ஏதோ சொன்னார். அய்யாவுக்கு மைக் கிடைத்தால் போதும்.

"பெரியோர்களே! தாய்மாமன் திரு. குழந்தைவேலு அவர்கள், தன் மருமகள் ஷாமளாவுக்கு, பாடாங் மேஹாவில் இரண்டு ஏக்கர் ரப்பர் நிலத்தைச் சீராக வழங்குகிறார்!"

மண்டபம் முழுக்கக் கைதட்டல். வீடியோக்காரர் விளக்கை என் பக்கம் திருப்பினார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

மச்சான் எனக்காகச் சொன்ன பொய் அது. அப்போது இல்லை என்று சொல்லியிருந்தால், எனக்குச் சிவப்புக் கார்டு, நிலம் அதனால்தான் அவர் பெயரில் என்பதையும் அதே மைக்கில் சொல்ல வேண்டியிருக்கும். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. வீட்டுக்கு வந்ததும் ராக்காயி, "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றாள். "சும்மா சபைக்குச் சொன்னது" என்றேன். மச்சானும் அப்படித்தான் நினைத்தார். தேவகியும் அப்படித்தான். ஷாமளாவுக்குப் பன்னிரண்டு வயது. அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அந்த நிலத்தில் பலகை வீடு கட்டினேன். பழைய மரங்களை அழித்துக் கன்று வைத்தேன். ஷாமளா விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "மாமா, என் நெலத்துல ரம்புத்தான் காச்சிருச்சா?" என்று கேட்பாள். "காச்சிருச்சு மொதலாளி" என்பேன். இருபத்தைந்து வருஷம் இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் எனக்கு நீல ஐசி வந்தது. மச்சானிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். "எங்க ஓடிறப் போவுது மச்சான், தீவாளி கழியட்டும்" என்றார். தீபாவளி கழிந்தது. திரும்பக் கேட்டால் நம்பவில்லை என்று ஆகும் என்று விட்டுவிட்டேன். பிறகு ராக்காயி போனாள். பிறகு மச்சான் போனார். தேவகி தன் பங்கையும் மகளுக்கு விட்டுக்கொடுத்தாள், எல்லாவற்றையும் ஷாமளா பெயருக்கு மாற்றினார்கள். துக்க வீட்டில் நிலத்தின் கிராண்ட் பத்திரத்தைப்பற்றிப் பேச எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, தாளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சாயங்காலம் சுங்கைப் பட்டாணிக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். ஷாமளா அங்கே ஒரு பல்மருத்துவரிடம் முன்மேசை வேலை பார்க்கிறாள். அடுக்குமாடியில் நாலாவது மாடி. தேவகியும் அவளோடுதான் இருக்கிறாள், அப்போது வீட்டில் இல்லை. கதவைத் திறந்ததும் சிரித்தாள்.

"நானே வரணும்னுதான் இருந்தேன் மாமா. கம்பெனிக்காரன் அதுக்குள்ள ஒட்டிட்டானா? சாப்புட்டீங்களா?"

"அந்த நெலம் ஒங்க அப்பா பேருலதான் இருந்துச்சு, ஷாமளா. ஆனா அது..."

"எனக்குத் தெரியும் மாமா. நீங்க வாங்கி எனக்குக் குடுத்தது. மறப்பேனா? அதனாலதான் ஒங்களுக்கு ரூமு ஒதுக்கி வச்சிருக்கேன், வந்து பாருங்க." என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சின்ன அறை. புதுக் கட்டில், புது விசிறி. "அறுபத்து மூணு வயசுல இன்னும் மரம் சீவணுமா? மூட்டு வலிங்கிறீங்க. பாம்பு வருதுங்கிறீங்க. அந்தக் காலத்துல ஈயம் தோண்டுன லம்பம் பக்கத்துலயே இருந்திச்சாம், ஈயம் அங்கேருந்து நம்ம நெலத்துக்கு அடியில ஓடுதாம். இப்ப வெல இருக்கு, அப்புறம் இருக்காது."

அவள் சொன்னது எல்லாம் சரி. மூட்டு வலிக்கிறது. பாம்பு வருகிறது. அந்தக் கட்டிலில் அப்படியே படுத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அந்த அறையைப் பார்க்கப் பார்க்க லயம்தான் ஞாபகம் வந்தது. ஷாமளாவின் வீடு, அவள் புருஷன் ரஃபேல் நல்ல பையன்தான், ஆனாலும் ஒரு நாள் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நான் சட்டி பானையைத் தூக்க வேண்டும்.

"நான் ஒனக்குக் குடுக்கல புள்ள" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், சிவப்புக் கார்டிலிருந்து. சொல்லி முடித்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"கல்யாண வீட்டுல, சாவு வீட்டுல, எல்லா எடத்துலயும் நான் என் நெலம்னு சொல்லும்போது பக்கத்துல நின்னு சிரிச்சீங்களே மாமா? இப்ப ஈயம்னதும் ஞாபகம் வருதா?"

மோட்டார் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

வழக்கறிஞர் கேதரினிடம் அனுப்பியது மரியராஜ்தான். அவருக்கு அண்ணன் மகள். ஒரு மருந்துக்கடைக்கு மேலே அலுவலகம். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டே கேட்டார்.

"அங்கிள், நல்லாக் கேட்டுக்குங்க. பணம் ஒருத்தரு குடுக்குறாரு, நெலம் இன்னொருத்தரு பேருல பதியுது. அப்படின்னா பேரு வச்சிருக்கவரு, பணம் குடுத்தவருக்காகத்தான் அத வச்சிருக்காருன்னு கோர்ட்டு மொதல்ல எடுத்துக்கும். ரிசல்ட்டிங் டிரஸ்ட்னு பேரு. இல்ல, சும்மா குடுத்ததுன்னு எதிர்த்தரப்பு காட்டுனா அது ஒடஞ்சிரும்."

"வீடியோ இருக்கும்மா" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என்ன வீடியோ?"

சடங்கைப்பற்றிச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மைக்குலயா சொன்னீங்க?"

"நான் சொல்லல. தலையாட்டுனேன்."

"அது இன்னும் மோசம்" என்றார். "சரி. வாங்குன அன்னைக்கு ஒங்க மனசுல என்ன இருந்துச்சுங்கறதுதான் மொதக் கேள்வி. அதுக்கு நான் பேசுவேன். இன்னொன்னு. ஏன் மச்சான் பேருல போட்டீங்கன்னு கேப்பாங்க. செவப்பு ஐசின்னு சொன்னா, அப்ப அனுமதி வாங்காம சட்டத்துக்கு ஒளிச்சு வாங்குனீங்களான்னு கேப்பாங்க. நியாயம் கேட்டு வர்றவங்க தானும் நியாயமா நடந்திருக்கணும்னு பாக்குற வழக்கு இது. சொல்லலைன்னா, சீராக் குடுத்ததுதான்னு ஆயிரும். சொன்னா ஒரு அடி, சொல்லாட்டி ஒரு அடி."

"எது சின்ன அடி?"

சிரித்துவிட்டார். "உண்மையச் சொல்லுங்க. அதான் ஞாபகம் வச்சிக்க ஈசி."

வழக்கு முடியும்வரை தோண்டக் கூடாது என்று தடை வாங்கலாம், ஆனால் நான் தோற்றால் கம்பெனிக்கு ஆகும் நஷ்டத்தைத் தருவேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும் என்றார். என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "மோட்டார் இருக்குல்ல?" என்றார். இருக்கிறது, எழுபது சிசி. அதையும் எழுதிக்கொண்டார். நீதிபதி என்ன நினைத்தாரோ, தடை கிடைத்தது. மண்ணில் குழாய் இறக்கிச் சோதனை பார்த்த ஐந்து குழிகளோடு கம்பெனி அப்படியே நின்றது. இரண்டு குழி என் மர வரிசைக்குள் இருந்தன. தடுக்கி விழாமல் இருக்கக் கொப்பு வெட்டி நட்டுவைத்தேன்.

கேதரினுக்குத் தேவகியின் சாட்சி வேண்டியிருந்தது. மச்சான் கொடுத்த வாக்கைக் காதால் கேட்டவள் உயிரோடு இருக்கிறாள் என்றால் வேறு என்ன வேண்டும் என்றார். சம்மன் அனுப்பப் போகிறேன் என்றார். அது எப்படித் தேவகிக்குத் தெரிந்ததோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராப் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் வரவில்லை. கார்க்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மரத்தடியிலேயே நின்றாள்.

"என்னக் கூப்புடாதண்ணே."

"நீ கேட்டதத்தான சொல்லப் போற?"

"அதான் கூப்புடாதங்கறேன். கூண்டுல ஏத்துனா உண்மையத்தான் சொல்லணும். எனக்குப் பொய்யி வராது. சொல்லிட்டு அன்னைக்கு நான் எங்க போயிப் படுக்கறது? மக வீட்டுலதான இருக்கேன்?"

என் பலகை வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒனக்கு இந்த வீடு எப்படியோ, எனக்கு அந்த வீடு" என்றாள். "அவரு ஒனக்கு நல்லது செய்யத்தான் அய்யாவுகிட்டச் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரியே எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சாரு, ஒங்கண்ணன் மூஞ்சியப் பாக்கணுமேன்னு."

திங்கட்கிழமை கேதரினிடம் போய், தங்கையைக் கூப்பிட வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்கிள், நீங்க வழக்குப் போட்டதே தங்கச்சி குடும்பத்து மேலதான். இப்ப பாவம் பாத்து என்ன ஆவப்போவுது?" என்றார். அவளும் லயத்தில் வளர்ந்தவள்தான் என்றேன். கேதரினுக்கு அது பதிலாகப் படவில்லை. ஆனால் சம்மன் அனுப்பவில்லை.

விசாரணை இரண்டு நாள். மலாயில் நடந்தது, எனக்கு மொழிபெயர்க்க ஓர் அம்மா பக்கத்தில் நின்றார். நீதிபதியும் பெண்தான், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். ஷாமளாவின் வழக்கறிஞர் ரவிச்சந்திரன் மடிக்கணினியைத் திருப்பி வைத்து வீடியோவை ஓடவிட்டார்.

நான் அதை அதற்கு முன் பார்த்ததில்லை. மச்சான் வெள்ளைச் சட்டையில் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். ராக்காயி பச்சைச் சேலையில், தட்டுகளுக்குப் பக்கத்தில். அவள் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. அய்யாவு கத்தினார். விளக்கு என்மேல் விழுந்தது. நான் தலையாட்டினேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

ரவிச்சந்திரன் படத்தை நிறுத்தினார்.

"இது நீங்கதானே?"

"நாந்தான்."

"யாராவது கழுத்தப் புடிச்சு ஆட்டுனாங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "இல்ல" என்றேன்.

"இருநூறு பேரு முன்னால குடுத்தீங்க. இருபத்தஞ்சு வருசம் வாய் தொறக்கல. நீல ஐசி வந்த பெறகும் கேக்கல. இப்ப ஈயம்னதும் கேக்குறீங்க. சரியா?"

"ஒரு தடவ கேட்டேன்."

"யாருகிட்ட?"

"மச்சான்கிட்ட."

"அவரு எங்க?"

மச்சான் இறந்தது ரவிச்சந்திரனுக்கே தெரியும். அடுத்து அவர், சிவப்புக் கார்டுக்காரன் அனுமதி வாங்காமல் மச்சான் பெயரைப் போட்டு அரசாங்கத்தை ஏமாற்றினேனா என்று கேட்டார். "அனுமதி வாங்கணும்னு தெரியும். வருசக்கணக்கா ஆவும்னாங்க. லயத்தக் காலி பண்ண ஒரு மாசந்தான் குடுத்தாங்க" என்றேன். ரவிச்சந்திரன் கேதரினைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கேதரின் எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் நீதிபதி பேசினார். மொழிபெயர்க்கிற அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஐயா, மைக்குல அப்படிச் சொன்ன அந்த நேரத்துல ஒங்க மனசுல என்ன இருந்ததுன்னு ஜட்ஜம்மா கேக்குறாங்க."

ஷாமளா எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் தேவகி இல்லை. நான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டால் அந்தப் புதுக் கட்டில் இருக்கிறது, வழக்கும் அன்றே முடிந்துவிடும். அந்த அம்மா திரும்பவும் கேட்டார்.

"நான் குடுக்கலம்மா. குடுத்தவன் மாதிரி நின்னேன். ஒருத்தி பேசுன பேச்சுக்கு அவ வாய அடைக்கணும்னு இருந்துச்சு. எல்லாரும் கைதட்டுனாங்க. எனக்கு யாரும் அதுக்கு முன்னால கைதட்டுனது இல்ல. நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான். அந்தப் புள்ளய நான் நெனைக்கவே இல்ல."

அந்த அம்மா அதை மலாயில் சொன்னபோது பாதி நீளம்கூட இல்லை. நீதிபதி எழுதிக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் ஷாமளா என்னிடம் வந்தாள். அழவில்லை. வழக்குப் போட்ட பிறகு அவள் என்னிடம் பேசியது அன்றுதான்.

"பள்ளிக்கூடத்துல, வேல எடத்துல, எங்க மாமா எனக்கு நெலத்தையே சீராக் குடுத்தாருன்னு சொல்லிட்டு இருந்தேன். நெலத்த எடுத்துக்குங்க மாமா, அது ஒங்க காசு. என்ன நெனைக்கவே இல்லன்னு சொல்லணுமா? அதச் சொல்லாம ஜெயிச்சிருக்கலாமே?"

உண்மையைச் சொன்னால் ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம் என்றார் கேதரின். ஞாபகம் இருக்கத்தான் செய்கிறது.

ஆறு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கேதரின் தொலைபேசியில் சொன்னார். வாங்கிய அன்று நான் கொடுப்பதாக நினைக்கவில்லை. மச்சான் எனக்காகத்தான் பெயர் வைத்திருந்தார். சபையில் சொன்னது பெருமைக்குச் சொன்னது, அதனால் நிலம் கைமாறாது. அனுமதி வாங்காதது தப்புத்தான், ஆனால் நீல ஐசி வந்துவிட்டதால் அந்தத் தடை இப்போது எனக்கு இல்லை, அந்தத் தப்பை வைத்து வேறொருவர் நிலத்தை எடுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய தப்பு. கம்பெனியும், ஓர் ஆள் வீடு கட்டிக் குடியிருந்து மரம் சீவுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் குத்தகை செல்லாது. ஷாமளா நிலத்தை என் பெயருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.

"அவங்க கம்பெனிகிட்ட வாங்குன முன்பணம் நெலத்தால வந்த பணம், அங்கிள். அதையும் நாம கேக்கலாம்."

"வேணாம்மா. அத அவதான் கம்பெனிக்குத் திருப்பணுமில்ல?"

"ஆமா."

"அது போதும்."

நில அலுவலகத்தில் எண் எடுத்துக்கொண்டு ஷாமளாவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் வேலைக்குப் பாதி நாள் விடுப்புப் போட்டு வந்திருந்தாள். நடுவில் அவள் கைப்பை. வெளியே மழை தொடங்கியது. எங்கள் எண் வந்ததும் முகப்பில் இருந்த மலாய்ப் பெண் விண்ணப்பப் பாரத்தைப் புரட்டிப் பார்த்தாள். உறவு என்ன என்றாள். மாமா என்றாள் ஷாமளா. விலை எழுதவில்லையே என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "காசே சாயாங்?" என்று கேட்டாள். உறவுக்குள் விலை வாங்காமல் நிலம் மாற்றினால் பாரத்தில் அன்புக்காகவும் பாசத்துக்காகவும் என்று எழுதுவது அங்கே வழக்கம். தினம் பத்துப் பேரிடம் கேட்கிற கேள்வி.

"புக்கான்" என்றாள் ஷாமளா, இல்லை என்று. "கோர்ட் ஆர்டர்." கேதரின் கொடுத்திருந்த தீர்ப்பு நகலை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திக்கொண்டு முத்திரையைத் தேடினாள்.

காத்திருக்கச் சொன்னார்கள். திரும்பவும் பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் பிறகு யார் என்று இத்தனை நாளில் யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

"எனக்கப்புறம் ஒனக்குத்தான், ஷாமளா" என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "எழுதுனா எழுதுங்க மாமா. சொல்லாதீங்க."

வேலை முடிந்ததும் குடையை விரித்துக்கொண்டு காருக்குப் போனாள். கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்து, "மோட்டார்லயா வந்தீங்க? மழைக் கோட்டு இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். இல்லை. அவள் போன பிறகு மழை விடும்வரை தூணோரத்தில் நின்றேன்.

மூன்று வாரத்தில் கிராண்ட் என் பெயரில் வந்தது. என் பெயரை நானே படித்தேன், மெதுவாக. கேதரின் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். "உயில் எழுதணும்னு சொன்னீங்களே அங்கிள், எப்ப வர்றீங்க?"

எழுதத்தான் போகிறேன். ஷாமளாவுக்குத்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அந்தத் தாளில் என் பெயர் மட்டும் இருக்கிறது. இருபத்தைந்து வருஷம் வேறு பெயரில் இருந்தது. இன்னொரு பெயரை உடனே எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை, அதை யோசிக்கிற தெம்பும் இப்போது இல்லை. மழைக்காலம், மரமும் சீவ முடியவில்லை, மழை விடட்டும், வருகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

மழை விட்டு நாலு நாள் ஆகிறது.